பக்கத்து சீட்டுக்காரன்

பாடாங் செராய் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் மண்டபத்தில், அந்தச் சனிக்கிழமை காலை, பத்தொன்பது அப்பாக்கள் மனநலக் கேள்விப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நிரப்பினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒன்பது கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் மளமளவென்று கோடு போட்டுவிட்டு, ஓரத்து மேசையில் இருந்த கறிபாப் பலகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆலோசக ஆசிரியை பிரேமலாவுக்கு எரிச்சலாக வந்தது.

மற்றவர்களை விடுங்கள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு தாள், சிவநேசனுடையது. "அப்பா தூங்கவே மாட்டாரு டீச்சர். பின்வாசப் படியில உக்காந்து அழுவுறாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க," என்று அவருடைய மகள் போன வாரம் ஆலோசனை அறையில் சொல்லிவிட்டு ஓடியிருந்தாள். பிரேமலா வாக்குக் கொடுத்துவிட்டாள். பிள்ளையைக் காட்டிக்கொடுக்காமல் அப்பாவைப் பேசவைக்க வேண்டும். அதற்காகத்தான் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் அப்பாக்கள் அத்தனை பேருக்கும் அழைப்பு.

சிவநேசன் தாளிலும் 'ஒருபோதும் இல்லை'தான்.

"அண்ணே, இன்னொரு தடவ பாக்குறீங்களா?"

"எல்லாம் ஓகே லா டீச்சர்," என்று சிரித்தார்.

பக்கத்தில் இருந்த ஹெர்பர்ட் எட்டிப் பார்த்தார். கூலிம் தொழிற்சாலை பஸ்ஸில் பதினோரு வருடமாகச் சிவநேசனுக்குப் பக்கத்து சீட்டு அவருக்குத்தான்.

"பொய் எழுதுறான் டீச்சர்! வேற ஃபாரம் குடுங்க, இவனோடத நான் எழுதுறேன்."

ஒருவர் படிவத்தை இன்னொருவர் தொடக்கூடாது என்பது பிரேமலா பயிற்சியில் படித்த முதல் பாடம். தடுக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் சிவநேசனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. புதுத் தாளை நீட்டினாள்.

ஹெர்பர்ட் பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி குனிந்துகொண்டார். கோடு போட்டது போதாதென்று ஓரத்திலும் எழுதினார். தூக்கத்துக்கு நேரே, 'பஸ்ல கண்ண மட்டும் மூடுறான். இமை ஆடுது.' பசிக்கு நேரே, 'நாசி லெமாக் சோத்துப் பொட்டலத்தப் பிரிக்காம எனக்குக் குடுத்துடுறான். மூணு மாசமா. நானும் தின்னுட்டேன்.' இன்னோர் இடத்தில், 'எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம்தான் சிரிக்கிறான்.'

பிரேமலாவுக்கு மெய் சிலிர்த்தது. நாலு வருடம் படித்து வாங்கிய பட்டம் அவள் அறைச் சுவரில் தொங்குகிறது. இந்த மனுஷன் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஓர் இமை ஆடுவதைப் பார்த்திருக்கிறார்! கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

ஒன்பதாவது கேள்வியில் பேனா நின்றது. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா?

"இது எனக்குத் தெரியாது டீச்சர்," என்றார் ஹெர்பர்ட்.

சிவநேசன் தாளைத் தன் பக்கம் இழுத்து முதலிலிருந்து படித்தார். நாசி லெமாக் வந்த இடத்தில் நின்றார்.

"இவ்ளோத்தையும் பாத்துக்கிட்டாடா இருந்த?"

சிவநேசன் ஹெர்பர்ட் கையிலிருந்து பேனாவை வாங்கினார். 'ஒருபோதும் இல்லை'யைத் தாண்டி, 'சில நாள்கள்' என்பதையும் தாண்டி, 'பெரும்பாலான நாள்கள்' என்ற கட்டத்தில் மெதுவாகக் கோடு போட்டார்.

"என் ரூமுக்குப் போலாமா அண்ணே? இப்பவே," என்றாள் பிரேமலா.

சிவநேசன் எழுந்தார். ஹெர்பர்ட்டும் எழுந்தார்.

"நானும் வர்றேன் டீச்சர். அவன் பக்கத்து சீட்டு என்னோடது."