கறுப்புக்குப் பின் வெள்ளை

தேமா துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற பெயிண்ட் ஆலையில் கலவைத் தொட்டிக்கு நான்தான் பொறுப்பு. இன்னும் ஒரு தடவை வெள்ளை பெயிண்ட் சாம்பல் நிறமாக வந்தால் என்னை டிரம் உருட்ட அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். எனக்கு டிரம்மா! கொதித்தது எனக்கு.

எந்த நிறத்துக்குப் பின் எந்த நிறம் என்பதைக் கணினிதான் போடும். இன்னொரு ஷிப்டில் இதே தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் டேலாவுக்கு வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று சொகுசாக விழும். தொட்டியை லேசாக அலசினால் போதும். எனக்கு மட்டும் கறுப்பு இறங்கிய கையோடு வெள்ளை. கணினியைப் பார்த்துக்கொள்பவன் செலோர்ம். அவனுக்கு டேலா, கென்கே என்கிற புளித்த சோளமாவு உருண்டையும் வறுத்த மீனும் கொண்டுவந்து கொடுத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

நேரே அவன் அறைக்குப் போனேன்.

"என்ன தம்பி, மீன் ருசியா இருந்துச்சா?"

"ஏன் எனியோனம் அக்கா, உங்களுக்கும் வேணுமா?"

"மீனும் வேணாம், கறுப்புக்குப் பின்னாடி வெள்ளையும் வேணாம். வேணும்னேதானே போடுற?"

"நான் எங்கக்கா போடுறேன்? யார் சீக்கிரம் கழுவுறாங்கன்னு பாத்து அதுவே போடுது. உங்க ஆளுங்க மின்னல் வேகமாம்."

"ஐஸ் வைக்காதே!" கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அவன் பேச்சில் ஒரு வார்த்தையையும் நான் நம்பவில்லை.

அன்றும் கறுப்பு இறங்கியது. அடுத்து வெள்ளை. டேலாவின் ஆள் யாராவது வந்து கெடுக்கிறானோ என்று தூணோரம் மறைந்து நின்றேன். என் குழுவின் ஏடெம்தான் வந்தான். குழாயைத் திறக்கவில்லை. முதலில் திரையில் 'கழுவி முடிந்தது' என்ற பொத்தானைத் தொட்டான். அப்புறம்தான் கையுறை மாட்டினான்.

"டேய், இன்னும் தண்ணியே விடலையேடா!"

"ஈரக் கையால தொட்டா திரை கேக்காதுக்கா. அதான் நாங்க எல்லாரும் முன்னாடியே அமுக்கிடுவோம். உடனே வெள்ளைக்கு நேரமாச்சுன்னு கத்தும். அவசர அவசரமா அலசிட்டு ஓடுவோம்."

அடப்பாவிகளா! இதைப் பார்த்துத்தான் நாங்கள் மின்னல் வேகம் என்று கணினி நம்பியிருக்கிறது. வெள்ளையை நிறுத்தச் சொன்னேன். திரை கத்தட்டும் என்று தொட்டியைத் தேய்க்க வைத்தேன். வெள்ளை வெள்ளையாகவே வந்தது. இனிமேல் கழுவி, கையைத் துடைத்த பிறகுதான் பொத்தான் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். செலோர்மிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

கொஞ்ச நாளில் எனக்கும் மஞ்சள், சிவப்பு என்று விழ ஆரம்பித்தது. கறுப்புக்குப் பின் வெள்ளை டேலாவுக்குப் போனது. மனசு உறுத்தியதால் ஒருநாள் மீன் வறுத்து எடுத்துக்கொண்டு செலோர்மிடம் போனேன். கொடுத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் டேலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஓஹோ," என்றாள். "இதுதான் சங்கதியா?"