பூரணிப் பையின் சொந்தக்காரர்

தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இன்று கால் நீட்டிப் படுக்க இடமில்லை. இருநூற்று நாற்பது பைகளைக் கூரைத் தகரத்தை முட்டுகிற அளவுக்கு அடுக்கி வைத்திருக்கிறோம். நாளைக்குக் காலை தலவாக்கலையிலிருந்து கூரியர் வேன் வரும். அதை வெறுமையாகத் திருப்பி அனுப்பப் போகிறோம். காரணம் நான். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அது கொழுந்துப் பை. தேயிலை மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் சாக்கின் பட்டியைத் தலையில் மாட்டித்தான் சுமப்பார்கள். அப்படிச் சுமந்து என் அம்மா பூரணிக்குக் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வேலையை விடச் சொன்னார்கள். அம்மா வேலையை விடவில்லை, பையை மாற்றினாள். சுமை இடுப்பில் உட்காருகிற மாதிரி ஓர் அகலப் பட்டி வைத்தாள். அடியில் ஒரு கயிறு. அதை இழுத்தால் அடிப்பக்கம் திறந்து, கொழுந்து நேராக நிறுக்கிற சாக்குக்குள் விழும். தூக்கிக் கவிழ்க்க வேண்டியதில்லை. அந்தக் கயிற்று முடிச்சு சரியாக வர ஏழு பைகளைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

பிறகு பக்கத்துக் காம்பரா அழகம்மா அத்தையும் மேல் லயத்து மீனம்மா அக்காவும் சேர்ந்துகொண்டார்கள். கம்பெனி என்று பெயர்தான். எங்களிடம் ஒரு தையல் மெஷின், அத்தை வீட்டில் ஒன்று. ஒவ்வொரு பட்டியிலும் சிவப்பு நூலில் 'பூரணி' என்று தைப்பார்கள். கொத்மலைப் பக்கம் மூன்று தோட்டங்களில் இப்போது எங்கள் பைதான்.

பை எப்படித் திறக்கிறது என்று ஒரு வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். அதைப் பார்த்து, ஆப்பிரிக்காவில் தேயிலை விளைகிற ஒரு நாட்டிலிருந்து டெனிஸ் என்பவர் எழுதினார். தோட்டங்களுக்குச் சாமான் விற்கிற கம்பெனி அவருடையது. பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற எனக்குத்தான் இங்கிலீஷ் ஓரளவு வரும். அதனால் கம்பெனிக்காக அவரோடு எழுதிக்கொண்டிருந்தது நான்தான்.

முதலில், அளவு பார்க்க வேண்டும் என்று வெட்டுப் படம் கேட்டார். முடிச்சோடு சேர்த்து வரைந்து அனுப்பினேன். இருநூற்று நாற்பது பை தைத்து அனுப்பச் சொன்னார். பிறகு, இந்த வடிவத்தைத் தங்கள் நாட்டில் பதியாவிட்டால் கண்டவனும் பார்த்துச் செய்து விற்பான், விண்ணப்பத்தை நிரப்பித் தாருங்கள் என்று எழுதினார்.

“பாத்தியா, நல்ல மனுசன்,” என்றாள் அம்மா. “நம்ம பைய காப்பாத்தணும்னு அவரே சொல்றாரு.”

விண்ணப்பத்தில் விலாசம் கேட்டிருந்தது. எங்கள் லயத்துக்கு நம்பரும் இல்லை, தெருவும் இல்லை. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அந்த விலாசத்தைப் போட்டுக்கொள்ளலாமா என்று அம்மா யோகேஸ்வரன் கிளாக்கர் ஐயாவிடம் கேட்டாள்.

“ஒங்க யாவாரத்துக்கெல்லாம் ஆபீஸ் விலாசத்த குடுக்க ஏலாதும்மா. நாளைக்கு தொரை என்னையத்தான் கேப்பாரு.”

டெனிஸிடம் சொன்னேன். தன் கம்பெனி விலாசத்தையே போடச் சொன்னார், கடிதம் வந்தால் சொல்கிறேன் என்றார். அம்மா சிரித்தாள்.

“போடு பாப்பா. ஐடென்டி கார்டுலருந்து எனக்கு எல்லாமே அடுத்தவங்க விலாசத்துலதானே வந்துச்சு.”

போட்டேன். தோட்டத்தில் நாங்கள் விலாசம் எழுதுகிற முறை ஒன்று உண்டு. பெரிய இடத்தின் பெயர் முதலில் வரும். அப்புறம் தோட்டத்து டிவிஷன். கடைசி வரியில் நாங்கள். எனக்கு எழுதத் தெரிந்த நாளிலிருந்து அதுதான் பழக்கம். அதனால் முதல் வரியில் டெனிஸின் கம்பெனிப் பெயரை எழுதினேன். அதன் கீழே பூரணி. முதல் வரிக்கு மேலே 'உரிமையாளர்' என்று சின்ன எழுத்தில் இருந்தது. நான் பார்த்தேன். எல்லாம் ஒரே விலாசம்தானே என்று விட்டுவிட்டேன். அம்மா கையெழுத்துப் போட்டாள்.

நான்கு நாளுக்கு முன் என் ஃபோனுக்கு டெனிஸின் கடிதம் வந்தது. அந்த நாட்டு அரசாங்க அறிவித்தலில் பையின் வடிவம் டெனிஸ் கம்பெனியின் பெயரில் வந்துவிட்டதாம். இனி அவர் அனுமதி இல்லாமல் பை அங்கே போனால் துறைமுகத்தில் பிடிப்பார்களாம். கூடவே ஓர் ஒப்பந்தம். உலகத்தில் எந்த நாட்டிலும் இந்தப் பை அவருடையது, நாங்கள் அவருக்குத் தைத்துக் கொடுக்கிறவர்கள். கையெழுத்துப் போட்டால் இருநூற்று நாற்பதையும் எடுத்துக்கொள்வார். அறிவித்தலின் அடியில், ஆட்சேபனை இருந்தால் தெரிவிக்க ஒரு தேதி போட்டிருந்தது. இன்றிலிருந்து பதினேழு நாள்.

நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

இன்று மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது அம்மா கையில் ஒரு பார்சல் இருந்தது. ஆபீசுக்கு வந்ததாம். உள்ளே கட்டுக்கட்டாகத் துணி லேபல். அதில் பச்சை எழுத்தில் டெனிஸ் கம்பெனியின் பெயர்.

“என்னடி இது?”

“அது... அந்த நாட்டு லேபலும்மா. அங்க எல்லா சாமானுக்கும் வைக்கணுமாம்.”

அழகம்மா அத்தை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “நம்ம பூரணி பேரு எங்கடி? மாப்பிள்ள பேர மட்டும் அடிச்சிட்டு பொண்ணு பேர விட்ட கல்யாணப் பத்திரிகை மாதிரில்ல இருக்கு!”

அம்மாவும் மீனம்மா அக்காவும்கூடச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தைக்க உட்கார்ந்தார்கள். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். இருபது பை ஆனது. அடுத்த பையின் பட்டியில் லேபலுக்கு இடம் போதவில்லை. அம்மா பிளேடை எடுத்துச் சிவப்பு நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள். முதல் எழுத்து போய்விட்டது.

“வெட்டாதம்மா!” என்று கத்திவிட்டேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விண்ணப்பம், முதல் வரி, கடிதம், நாலு நாள்.

மீனம்மா அக்கா லேபலை மடியிலிருந்து தட்டிவிட்டாள். “மூணு மாசம் கண்ணு பூத்துப் போக தச்சோமே, வினோ.”

“அப்ப அந்தக் கையெழுத்த போட்டுத் தொலைங்க,” என்றாள் அத்தை. “பையாவது போகும்.”

“போட்டா, கொத்மலைக்குத் தைக்கவும் அந்தாள்கிட்ட கேக்கணும் அத்தே.”

“கேட்டா என்ன? நாம இதுவரைக்கும் யாரக் கேக்காம என்ன செஞ்சோம்?”

அம்மா பிளேடைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். “நாலு நாளா எங்கூடத்தானே ஒக்காந்து சாப்ட்ட,” என்றாள் என்னைப் பார்த்து. அவ்வளவுதான் திட்டு. பிறகு அத்தையிடம், “கையெழுத்து போடல, மச்சி. வேன் சும்மா போகட்டும்,” என்றாள்.

அத்தை செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே மீனம்மா அக்கா. இரண்டு பேரும் சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை.

சற்று முன் டெனிஸிடமிருந்து செய்தி வந்தது. ஒப்பந்தம் தயாரா, நாளைக்குத்தானே வேன் என்று கேட்டுச் சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருக்கிறார். பதில் எழுதப் பயமாக இருக்கிறது. இதுவரை நான் எழுதிக் கொடுத்த எல்லாமே அவருடையதாகிவிட்டது. எழுதாமல் இருந்தாலும் நாள் ஓடுகிறது.

அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பைகளுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“அந்த வீடியோ அவரு எழுதுறதுக்கு முன்னுக்கா போட்ட?”

“முன்னுக்குத்தான். அதப் பாத்துத்தானே எழுதுனாரு.”

“அப்ப அத அழிச்சிறாத. அதக் காட்டி, இது எங்களுதுன்னு சொல்ல ஏலாதா?”

“சொல்லலாம்மா. ஆனா அந்த நாட்டு லோயர் ஒருத்தர் மூலமாத்தான் குடுக்கணுமாம். இல்லாட்டி எடுக்க மாட்டாங்களாம்.”

அம்மா எழுந்து உட்கார்கிற சத்தம் கேட்டது.

“அங்க நமக்கு யாரத் தெரியும்?”

நான் யோசித்துப் பார்த்தேன்.

“டெனிஸ மட்டுந்தான்,” என்றேன்.