சலவை வேண்டாம்

நடுக் கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்த நேரத்தில், தம்பிக்காரர் பின்பக்கத்தில் துடைப்பக்கட்டையோடு ஒரு பூனையிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. அதற்குள்ளிருந்து காற்று இறங்கும் டயர் மாதிரி ஒரு சீறல் வந்தது. தம்பிக்காரர் கட்டையை உள்ளே விட்டுத் துழாவினார். அடுத்த நொடி கட்டையை உள்ளேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானையும் உள்ளேயே விட்டிருந்தார்.

"அக்கா, இது பூனையே இல்ல. பூனைத் தோலைப் போத்திக்கிட்டு வேற எதுவோ உக்காந்திருக்கு."

அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "காதைப் பாருடா."

"என்ன காது?"

"ரெண்டு காதும் பின்னால மடிஞ்சு தலையோட ஒட்டிக்கிட்டிருக்கு. வாலைத் தரையில அடிக்குது. அப்புறம் சீறுது. மூணு தடவை மணி அடிச்சுட்டுத்தான் கையை நீட்டுது. நீ முதல் மணியையே கேக்கலியே."

சொல்லி முடித்ததும் அவளுக்கே திக்கென்றது. அது அவள் பேச்சே இல்லை. கூடத்தில் படுத்திருப்பவரின் பேச்சு. பதினோரு மாதமாக வேண்டா வெறுப்பாகக் காதில் விழுந்தது, கேட்காமலேயே உள்ளே குடியேறியிருக்கிறது.

"மூணு மணிக்குப் பூனை பிடிக்கிற வண்டி வருது," என்றார் தம்பிக்காரர், கையை உதறிக்கொண்டே. "நான் நேத்தே போன் பண்ணிட்டேன். நீயும் சரின்னுதானே சொன்னே?"

சொல்லியிருந்தாள். நேற்று யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தெட்டு வருடம் ஊரை ஏற்றி இறக்கிவிட்டு, கடைசியில் மாடியே இல்லாத இந்த வீட்டில் ஓய்வுக்கு உட்கார்ந்தவர். அவருக்குத் தங்கையும் தம்பிக்காரருக்கு அக்காவுமான இவள், சலவைக்கடையில் துணி வாங்கும் கவுன்ட்டரில் இருக்கிறாள். அண்ணன், தங்கை இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று தெரு பல வருடம் ஆராய்ந்தது. ஒத்துக்கொள்ளும்படி ஒரு காரணமும் அகப்படாததால் ஆளுக்கொரு காரணத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அறுபத்திரண்டு வயதுத் தங்கையை அவர் "பாப்பா" என்று கூப்பிடுவது நான்கு வீடு தள்ளிக் கேட்கும். அவள் பதிலுக்குக் கத்துவது ஆறு வீடு.

பூனை வந்தது போன மழைக்காலத்தில். பின் தெருவிலிருந்த பழைய கிடங்கை இடித்தபோது அங்கிருந்து ஓடி வந்து தொட்டிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. சாம்பல் நிறம், ஒரு காதில் பாதி இல்லை. வந்த வாரத்திலேயே பேப்பர் போடுபவரையும், மீட்டர் பார்க்க வந்தவரையும், எதிர் வீட்டு டீச்சரையும் பிறாண்டித் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. ஈரத்தில் நடுங்குகிறதே என்று துண்டைப் போர்த்தித் தூக்கப் போன தங்கைக்கு வலது கையில் நாலு கோடு, ஐந்து ஊசி. அன்றிலிருந்து அவளுக்கு அது ஜென்ம விரோதி.

அண்ணன் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்தார். லிஃப்டைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர்களும் அப்படித்தானாம். எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாது, எதைக் காட்டினாலும் முறைப்பார்கள், போகும்போது ஒரு கீறல் போட்டுவிட்டுத்தான் போவார்கள்.

"அது கெட்ட பூனை இல்ல பாப்பா," என்பார். "ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னு போச்சுன்னா உள்ள மாட்டினவன் என்ன பண்ணுவான்? கதவை உதைப்பான். காப்பாத்த வந்த என்னையே கெட்ட வார்த்தையில திட்டுவான். அவன்கிட்ட ரோஷப்பட்டா வேலை ஆகுமா? கதவைப் பிடிச்சு இழுக்கவும் கூடாது. வெளிய நின்னு ஏதாவது பேசிக்கிட்டே இருக்கணும். பேசிக்கிட்டே கையால சக்கரத்தைச் சுத்தி, கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும்."

அப்படித்தான் இறக்கிக்கொண்டிருந்தார். பின்பக்கத்தில் இரும்புச் சட்டம் போட்ட ஒரு பிரம்பு நாற்காலி. அதில் தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்காருவார். பூனையை நேராகப் பார்க்கவே மாட்டார். முறைத்துப் பார்த்தால் சண்டைக்கு வருகிறான் என்று அது நினைத்துக்கொள்ளுமாம். சாப்பாட்டுத் தட்டை வாரத்துக்கு ஒரு சாண் நாற்காலிப் பக்கம் நகர்த்துவார். அது ஒரு வாரம் வர மறுத்தால், மூச்சுக் காட்டாமல் மறுபடி ஒரு சாண் பின்னால் வைப்பார். தட்டு காலியாகும் வரையில் பேப்பரில் வரும் வாடகை வீட்டு விளம்பரங்களைச் சத்தமாகப் படிப்பார். "வெளிய என்ன நிலவரம்னு அதுக்கும் தெரியட்டும். அப்புறம் இங்க இருக்கலாமா வேண்டாமான்னு அதுவே முடிவு பண்ணிக்கட்டும்."

ஊரில் உள்ள இரும்புக்கெல்லாம் எண்ணெய் போட்ட மனுஷன், அந்த நாற்காலியை மட்டும் விட்டுவைத்திருந்தார். யார் உட்கார்ந்தாலும் கிறீச்சென்று தெருவுக்கே அறிவிக்கும். தங்கை எண்ணெய்ப் புட்டியோடு வந்தபோதெல்லாம் விரட்டினார். "நான் எங்க இருக்கேன்னு அதுக்குத் தெரியணும். சத்தம் இல்லாம வர்றவனைத்தான் அது நம்பாது."

நேற்றுக் காலை அவள் கடைக்குக் கிளம்பும்போது தட்டு நாற்காலிக் காலுக்கு ஒரு சாண் பக்கத்தில் இருந்தது. அதில் அவள் கால் இடறியது. பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு மாசமா ஒரு பூனைக்குப் பேப்பர் படிக்கிற ஆள் ஊர்ல உண்டா? எப்பவாவது உன் பக்கத்துல வந்திருக்கா? நீ செத்தாலும் வராது."

"உன்னை மாத்த முடியாதுன்னு நாப்பது வருஷம் முன்னாடியே விட்டுட்டேன் பாப்பா. அதுகிட்ட இன்னும் நம்பிக்கை இருக்கு."

அவள் கேட்டைச் சாத்திக்கொண்டு போனாள். தெருமுனையில் சிரித்தாள், அதை டீச்சர் பார்த்திருக்கிறார்.

பதினொன்றரை மணிக்கு, இரவல் வாங்கிய குறடைத் திருப்பிக் கொடுக்க வந்தவரும் அதே டீச்சர்தான். நாற்காலியில் அண்ணன் பேப்பரோடு சாய்ந்திருந்தார். தூக்கம் என்று நினைத்து இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாராம். கிளினிக்கிலிருந்து வந்த டாக்டர், உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், வலி தெரிந்திருக்காது என்றார்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும், ஒரே பள்ளியில் படித்தவர்கள் மாதிரி, ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "பக்கத்துல யாருமே இல்லாமப் போயிட்டாரே."

தம்பி சொன்னார். டீச்சர் மூன்று தடவை சொன்னார். ஆறுதலுக்கு வந்தவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் தங்கைக்குத் தான் சாத்திவிட்டுப் போன கேட்டின் சத்தம் கேட்டது. நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு அந்த ஒரு மணி நேரம் மட்டும் இல்லாமல் போயிருக்கிறாள். நீ செத்தாலும் வராது என்று வேறு சொல்லிவிட்டு. அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். கல்நெஞ்சு என்று இரண்டாவது வரிசையில் யாரோ சொன்னார்கள்.

இரண்டு மணிக்குச் சலவைக்கடைப் பெண் வந்தாள். துணிக்கு டேக் கட்டுகிற வேலை அவளுடையது. நேற்றுச் சாயங்காலம், அண்ணன் உடம்பிலிருந்து மாற்றிய துணிகளை ஒரு பையில் போட்டு, "நான் துவைச்சுக் கொண்டுவர்றேன் அக்கா, உங்களுக்கு ஏன் சிரமம்" என்று தானாக எடுத்துப் போனவள். இப்போது அதே பையோடு நின்றாள். துவைத்த மாதிரி தெரியவில்லை. காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி?"

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஒரு கையெழுத்து வேணும்."

அருகிலிருந்த டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நூல் இழுபட்டிருந்தா கஸ்டமர் கையெழுத்து இல்லாம மெஷின்ல போடக் கூடாதுன்னு நீங்கதானே ரூல் போட்டீங்க," என்றாள் பெண், கண் கலங்க. "முதலாளிகிட்ட கேட்டேன். ரூல் அவங்களோடது, அவங்களையே கேளுன்னுட்டார்."

வேறு யாராவது இருந்திருந்தால் அந்தப் பெண்ணை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பார்கள். அக்கா டேக்கை வாங்கினாள். இருபது வருடமாக அவள் கற்றுக்கொடுத்த அதே ஒழுங்கில், அதே சுருக்கத்தில் எழுதியிருந்தது.

*ஸ்வெட்டர் 1. வயிற்றுப் பக்கம் நூல் இழுவை, ஜோடி ஜோடியாக, பல இடம். பேண்ட் 1. மடியில் பூனை முடி, வட்டமாக.*

அவள் இரண்டாவது தடவை படித்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

துணியைப் பார்த்தால் அவளுக்கு ஆளைத் தெரியும். சட்டைக் காலரைப் பார்த்து ஒருவருக்கு வேலை போயிருப்பதை அவர் மனைவிக்கு முன்பே சொன்னவள். ஜன்னலோரம் பேண்டை விரித்தாள். உரசிக்கொண்டு போயிருந்தால் முடி கணுக்காலில் இருக்கும். தாவி ஏறி உடனே குதித்திருந்தால் கோடாகச் சிதறியிருக்கும். இது மடியின் நடுவில், சாம்பல் நிறத்தில், வட்டமாக, நெசவுக்குள்ளேயே இறங்கியிருந்தது. சூடும் பாரமும் சேர்ந்து அழுத்தினால்தான் இப்படி ஒட்டும். அரை மணி நேரத்துக்குக் குறைவாக ஒட்டாது. ஒரு மணி நேரம் என்றே சொல்லலாம். டீச்சர் கேட்டைத் திறந்த சத்தத்தில்தான் இறங்கி ஓடியிருக்கும்.

ஸ்வெட்டரில் இழைகள் சின்னச் சின்ன வளையமாக எழும்பியிருந்தன. இடம் ஒன்று, வலம் ஒன்று. கிழிக்க வந்த நகம் இல்லை. பால் குடிக்கும் குட்டி தாய் வயிற்றை மாற்றி மாற்றி அமுக்குமே, அந்தக் கணக்கு.

இரண்டையும் முந்தின நாள் இரவு அவள்தான் கடையிலிருந்து கொண்டுவந்தாள். மடிப்புக் கலையாமல் நேற்றுக் காலை அவர் கையில் கொடுத்தவளும் அவள்தான். ஒரு முடி இல்லை அப்போது.

வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். டேக்கின் குறிப்புக் கட்டத்தில் "சலவை வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"அப்போ திருப்பி டெலிவரின்னு போட்டுக்கவா அக்கா?"

"போட்டுக்கோ. நல்லா எழுதியிருக்கே."

மூன்று மணிக்கு அமரர் ஊர்தியும் பூனை வண்டியும் சேர்ந்தாற்போல் வந்து, எது முன்னால் நிற்பது என்று தெரியாமல் தெருவை அடைத்துக்கொண்டன. பூனைக்காரர் கூண்டோடு இறங்கினார். அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"தப்பா போன் வந்திருக்கு. இது வீட்டுப் பூனை."

"அக்கா," என்றார் தம்பிக்காரர்.

"சும்மா இருடா."

"ஆளைப் பிறாண்டுதுன்னு சொன்னாங்களேம்மா," என்றார் கூண்டுக்காரர்.

"நானும்தான் பிறாண்டுவேன். இந்தத் தெருவுல யாரை வேணா கேளுங்க."

கூண்டுக்காரர் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் மறுக்கவில்லை. கூண்டை மறுபடி வண்டியில் ஏற்றினார்.

அண்ணனோடு வேலை பார்த்த கிழவர் ஒருவர் கடைசி நேரத்தில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மாலையை வைத்துவிட்டு, எதிர்பார்த்தபடியே, "பக்கத்துல யாருமே இல்லாமப் போயிட்டானேம்மா," என்றார்.

"இருந்தாங்க."

"யாரு?"

"இன்ஸ்பெக்டர்."

கிழவர் பக்கத்திலிருந்தவரிடம் தாழ்ந்த குரலில், "ரிடையர் ஆகியும் அவனுங்க விடல பாரேன்," என்றார். அக்காவின் உதட்டோரம் அசைந்ததை டீச்சர் பார்த்தார். பார்த்ததை அடுத்த வாரம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் தாழ்ந்து மதிலுக்கு வந்திருந்தது. தம்பிக்காரர், "எங்க வீட்டுக்கு வந்துடு அக்கா, தனியா எப்படி இருப்பே," என்றார். நாளைக்குப் பேசலாம் என்று அனுப்பிவைத்தாள்.

தொட்டிக்குப் பின்னாலிருந்து துடைப்பக்கட்டையை எடுக்கலாமா என்று பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். உள்ளே இரண்டு பச்சைப் புள்ளிகள். காது பாதி மடிந்தது. அக்கா கட்டையை அங்கேயே விட்டுவிட்டாள்.

ஸ்வெட்டரைக் கொண்டுவந்து நாற்காலியில் விரித்தாள். தட்டை நிரப்பி, அதே இடத்தில், நாற்காலிக் காலுக்கு ஒரு சாண் பக்கத்தில் வைத்தாள். பிறகு யோசித்து, ஒரு சாண் பின்னால் தள்ளினாள். அவளுக்கும் பூனைக்கும் இன்னும் கொடுக்கல் வாங்கல் சரியாகவில்லை.

நாற்காலிக்கு முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நேற்றைய பேப்பரை விரித்தாள். அவர் விட்ட இடம் எது என்று தெரியவில்லை. முதல் கட்டத்திலிருந்தே ஆரம்பித்தாள்.

"ஒரு படுக்கையறை, முதல் தளம், தண்ணீர் வசதி உண்டு. சிறு குடும்பத்துக்கு மட்டும்."

தொட்டிப் பக்கம் எதுவோ உரசியது. அவள் வலது கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இரண்டு படுக்கையறை, மூன்றாவது மாடி." கொஞ்சம் நிறுத்தினாள். "லிஃப்ட் உண்டு."

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

அக்கா திரும்பவில்லை. குரலைச் சற்றுத் தணித்துக்கொண்டு அடுத்த விளம்பரத்துக்குப் போனாள்.