கடைசி வரைக்கும் ஒடித்த ஸ்டியரிங்

காசிமேடு மீன்பிடித் துறைமுக வாசலில், பட்டப்பகலில், கொதிக்கிற எண்ணெயை ரோட்டில் கொட்டிய பெருமை என்னையே சேரும். பின்னால் டிரெய்லரில் ஐஸ் கட்டி. முன்னால் டிராக்டரின் ஸ்டியரிங் எண்ணெய் மூடியைத் தள்ளிக்கொண்டு புகைந்தது. ஒரே வண்டியில் மார்கழியையும் கத்திரியையும் ஓட்டியவன் ராயபுரத்திலேயே நான்தான்.

வாசலில் வரிசை நின்றால், இடையில் மூக்கை நுழைப்பவனை மறிக்க முன் சக்கரத்தை ஒடித்துக் குறுக்கே நிற்போம். எங்கள் வழக்கம் அது. என் வண்டியில் செல்ஃப் ஸ்டார்ட்டர் செத்து இரண்டு மாதம். அணைத்தால் நாலு பேர் தள்ள வேண்டும். அதனால் இன்ஜினை ஓடவிட்டு, கடைசி வரை ஒடித்த ஸ்டியரிங்கைத் துண்டால் சீட்டோடு இறுக்கிக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போவேன். என் டீ அரை மணி நேரம் பிடிக்கும்.

முதலாளி சௌக்கத் அலி பாய், கல்மண்டபம் மெக்கானிக் ஸ்டானிஸ்லாஸைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா குணசேகரா, மறுபடியுமா?"

"வண்டிக்கு வயசாயிடிச்சு பாய்." இரண்டு மாதமாக இதையேதான் சொல்கிறேன்.

"அப்ப காயலான் கடைக்கு அனுப்பிட வேண்டியதுதான். வியாசர்பாடில ஒருத்தன் கேட்டுகினே கீறான்."

அவருக்கு இருப்பது ஒரே டிராக்டர். அது போனால் நானும் போக வேண்டியதுதான்.

ஸ்டானிஸ்லாஸ் குழாயைத் தொட்டுக் கையை உதறினார். "ஸ்டியரிங் பம்பு நல்லா கீது. எண்ணெய்தான் கருகிப் போச்சு. நைனா, கடைசி வரைக்கும் ஒடிச்சு அப்டியே வெச்சுகினு இருந்தியா?"

"நானா? சேச்சே!"

"சக்கரம் அதுக்கு மேல திரும்பாது. பம்பு வுடாம தள்ளும். எண்ணெய் போக வழியில்லாம அங்கயே சுத்திச் சுத்திக் கொதிக்கும். வேற எப்டி இவ்ளோ சூடு?"

போன வருஷம் முட்டி வலி என்று போனபோது, டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே "வயசாயிடுச்சு" என்றார். தூக்குகிற ஐஸ் கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க அவரைத் திட்டினேன். அதே மருந்துச் சீட்டைத்தான் இந்த டிராக்டருக்கு இரண்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"துண்டால கட்டி வெச்சிட்டு டீக்குப் போவேன் பாய்," என்றேன். "தினமும்."

ஸ்டானிஸ்லாஸ் தலையில் அடித்துக்கொண்டார். "கட்டிப் போட அது இன்னா மாடா? பாய், புது எண்ணெய் ஊத்தி செல்ஃபை சரி பண்ணா, இன்னும் பத்து வருசம் ஓடும்."

பாய் ஐஸ் பக்கம் திரும்பினார். டிரெய்லரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. லீவு கேட்டாலும், சம்பளம் ஏற்றச் சொன்னாலும், மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் அவர் பதில் ஒன்றுதான்: "பாக்கலாம்."

"பாய், நாளைக்கு நான் வரணுமா, வேணாமா?"

"பாக்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார்.

"வா. வண்டிய என் மச்சான் ஓட்டுவான். நீ ஒரு மாசம் ஐஸ் எறக்கு."