மூன்று விதமாகத் தேடியும்

காணாமல் போனவர்களின் விவரங்களை, ஆஸ்பத்திரிகளிலும் பிணவறைகளிலும் பெயர் தெரியாமல் கிடப்பவர்களின் விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அலுவலகம் அது. அதற்கான க்வெரிகளை, அதாவது தேடும் கட்டளைகளை, கம்ப்யூட்டரில் எழுதுபவளுக்கு 'டீச்சர்' என்று பட்டப்பெயர். யார் வேலையில் பிழை இருந்தாலும் விடமாட்டாள். காணாமல் போனவர்களில் அவளுடைய தம்பியும் ஒருவன். காலையில் வேலைக்குக் கிளம்பியவன், வீடு திரும்பவேயில்லை.

வாரா வாரம் அப்பா வந்துவிடுவார். பழைய க்வெரி, ஒவ்வொருவருக்காகவும் ஆஸ்பத்திரிப் பதிவு முழுவதையும் முதலிலிருந்து புரட்டும். அது முடிவதற்குள் இருவரும் கேன்டீனில் சாப்பிட்டு, ஊர்க்கதை பேசி, அப்பா நாற்காலியிலேயே ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிடுவார்.

"இப்படி ஆமை மாதிரி ஊர்ந்தா எப்படி? வேற வேற மாதிரி எழுதி, எது வேகம்னு பாருங்க," என்றார் மேலாளர்.

எழுதினாள். இரண்டு பதிவுகளையும் ஒன்றாக இணைத்துத் தேடும் விதம், டீ ஆறுவதற்குள் முடிந்தது. வயது, உயரம், தழும்பு என்று முன்பே வகை பிரித்து இண்டெக்ஸ் போட்டு, பொருந்தாதவர்களை முதலிலேயே கழித்துவிடும் விதம், விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் முடிந்தது. எல்லாம் ஒரே விடையைத் தந்தால்தான் எழுதியது சரி. தந்தன. தம்பியின் பெயருக்கு நேரே, பழையதையும் சேர்த்து மூன்றிலும் ஒன்றுமில்லை.

"பிரமாதம்! பழசை அழிச்சிடுங்க," என்றார் மேலாளர்.

அந்த வாரம் அப்பா வந்து உட்காருவதற்குள் விடை வந்துவிட்டது.

"இல்லப்பா."

"அதுக்குள்ளயா? நல்லாப் பார்த்துச்சாம்மா?"

"எல்லாரையும் பார்த்துச்சுப்பா."

"அவசரத்துல விட்டிருக்கும். பழசையே போடேன்."

ரெண்டும் ஒண்ணுதான்ப்பா என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, பழையதை ஓடவிட்டாள். அப்பாவின் முகம் தெளிந்தது. கேன்டீனில் தம்பியின் சின்ன வயதுச் சேட்டைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "வரட்டும், முதல்ல நாலு உதை வெக்கிறேன்," என்றார். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

திரும்பி வந்தபோது திரையில் ஒன்றுமில்லை.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "அடுத்த வாரமும் இதையே போடும்மா. நிதானமாத் தேடட்டும்."

"சரிப்பா."

அவரை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். இன்னொரு முறை அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளிடம் தெம்பில்லை. பழையதை அழித்தாள்.