ஓட்டுநர் தர்மன் கையெழுத்திட்ட கடிதம்

1

அரியலூரில் அரசு அலுவலகத் தலைவர்களுக்கு ஒரு பயிற்சி. பணியாளர் சட்டங்களை எளிமையாக விளக்கி ஒரு கையேடு எழுதித் தரும்படி, அலுவலகத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற என்னிடம் கேட்டார்கள். நான்காம் பாடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டது. 'ஓர் அலுவலர் சட்டம் தெரியாமல்' என்று எழுதி நிறுத்திவிட்டேன். அந்த அலுவலர் நான்தான். அதைக் கையேட்டில் சொல்ல முடியவில்லை. அதனால் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: குன்னம் சாலையில் மக்காச்சோளம் காய்ந்துகிடந்த ஒரு

(வேண்டாம். மக்காச்சோளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

இரண்டாவது: தர்மன் எங்கள் அலுவலக ஜீப்பின் ஓட்டுநர். பாடாலூர்க்காரர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். சர்க்கரை நோய் அவர் கண்களைக் கெடுத்திருந்தது, அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. ஒரு மதியம் குன்னத்திலிருந்து திரும்பும்போது, ஓரமாக நின்ற டிராக்டரைக் கடைசி நொடியில்தான் பார்த்தார். ஜீப் பருத்திக் காட்டுக்குள் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை.

"தெரியல சார்" என்றார். வெகுநேரம் ஸ்டியரிங்கை விடவில்லை.

இனி வண்டி ஓட்ட முடியாது என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தது.

3

இங்கே என்னைக் கெட்டவனாக எழுதினால் கதை சுலபமாக நகரும். நான் கெட்டவன் இல்லை, அவசரக்காரன். ஜீப் சும்மா நின்றது. தர்மன் போனால்தான் அந்த இடத்துக்கு வேறு ஆள் வருவார்.

"தர்மன், விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துடுங்க. பென்ஷனாவது வரும். இல்லேன்னா அவங்களே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"வேற வேல எதும் குடுக்க மாட்டாங்களா சார்?"

"டிரைவருக்கு வண்டி ஓட்டுறதுதானே வேல?"

இதை எந்தச் சட்டத்தில் படித்தேன்? [எதிலும் இல்லை.]

விருப்ப ஓய்வுக் கடிதத்தில் இருந்த எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நானே வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்தேன்.

4

பத்தாவது நாள், எங்கள் உதவியாளர் சத்யப்பிரியா தர்மனின் கடிதம் இருந்த கோப்போடு வந்தார்.

"சார், இத மேல அனுப்பக் கூடாதுங்க."

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20. பணியில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்டவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் அவரால் முடிந்த வேறு பணி தர வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லையென்றால், கிடைக்கும்வரை கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும்.

"அவரே விரும்பித்தானே எழுதிக் குடுத்தாரு?"

"விரும்பியாங்க சார்?"

(இதற்கு மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றும் சாமர்த்தியமாக இருந்தன. அன்று நான் செய்தது, கோப்பைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டதுதான்.)

5

மறுநாள் பஸ் பிடித்துப் பாடாலூர் போனேன். தர்மனின் மனைவி பரிமளா உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே அந்தச் சட்டத்தைச் சொன்னேன்.

"பத்து நாளா ஒரு வாய் சரியா சாப்புடல அவரு. இப்ப வந்து தப்பா சொல்லிட்டேங்கறீங்க."

தர்மன் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "இப்புடி ஒரு சட்டம் இருக்குன்னு அன்னிக்கு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியாது."

"எனக்குத் தெரியாட்டி பரவால்ல. உங்களுக்கு?"

கடிதத்தைத் திரும்பப் பெறும் மனுவை நீட்டினேன். அவர் அதைப் பரிமளாவிடம் கொடுத்தார். இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் பேனாவைத் தொட்டார்.

6

நான்கு மாதத்தில் ஆணை வந்தது. வாசலருகே விசாரணை மேசையில் வேலை, அதே சம்பளம். கையேட்டின் பாடம் இங்கே முடிந்துவிடும்.

அவர் என் கைகளைப் பற்றிக்கொண்டார் என்று ஒரு முடிவு எழுதினேன். பொய். அதன்பின் என்னோடு பேசவே இல்லை என்று இன்னொன்று. அதுவும் பொய், தினமும் வணக்கம் சொன்னார்.

நடந்தது இது. நான் ஓய்வுபெற்ற நாளில், எல்லோரும் போன பிறகு அவர் மேசைக்குப் போனேன்.

"தர்மன், அன்னிக்கு நான்"

அவர் முகத்தை உயர்த்திக் காத்திருந்தார். திருச்சி பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி கடந்துபோனது. அப்போதும் காத்திருந்தார்.

நீங்கள் ஓர் அலுவலகத்தை நடத்துகிறவராக இருந்தால், மீதி வாக்கியத்தை நீங்களே சொல்லிப் பாருங்கள். எனக்கு வரவில்லை.