சும்மா முகம்

காலை ஏழரை மணிக்குப் பள்ளி அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு எடுத்தேன். எழுத்தர் அம்மா எடுத்த எடுப்பிலேயே, "உங்க பொண்ணு எப்போங்க மூணாவது வந்தா?" என்று கேட்டார். நுரையை அப்படியே விழுங்கிவிட்டேன்.

விளங்க அரை நிமிடம் ஆயிற்று. பத்தாம் வகுப்பில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்காக நாங்கள் அச்சடித்துப் பள்ளி வாசலில் கட்டியிருந்த பேனரில், மூன்றாவது வட்டத்தில் என் மகள் சிரித்துக்கொண்டிருக்கிறாளாம். கீழே இன்னொரு பெண்ணின் பெயரும் அவள் வாங்கிய 486-ம். தலைமையாசிரியர் பத்து மணிக்கு வருவதற்குள் சரிசெய்யச் சொல்லிவிட்டு எழுத்தர் அம்மா போனை வைத்தார்.

எங்களுடையது பேனர் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. கணினியில் வடிவமைப்பது நான். மெஷினை ஓட்டுவதும் ஏணி வைத்துக் கட்டுவதும் என் வீட்டுக்காரர். பிழை பார்ப்பது மகள். ஒன்பது வயதிலிருந்து அவள் கண்ணுக்குத் தப்பி எங்கள் கடையிலிருந்து ஒரு புள்ளி வெளியே போனதில்லை. ஒரு பெரியவரின் அஞ்சலி பேனரில் "மறைந்தார்" என்பதை நான் "மறந்தார்" என்று அடித்துவைத்திருந்தேன். அவள் பார்த்திருக்காவிட்டால் அந்தக் குடும்பம் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கும்.

பள்ளி பேனருக்கு ஒவ்வொரு வருடமும் முன்கூட்டியே வடிவத்தைத் தயாராக வைத்துவிடுவோம். மூன்று வட்டங்கள். பிள்ளைகளின் படங்கள் வந்து சேரும்வரை வட்டங்களைக் காலியாக விட்டால் அளவு பிடிபடாது. அதனால் முதல் வட்டத்தில் என் வீட்டுக்காரர் படம், இரண்டாவதில் என் படம், மூன்றாவதில் மகள் படம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "சும்மா முகம்". பத்தாம் வகுப்பை மூன்று தவணையில் முடித்த மனிதர் மீசையோடு 497 மதிப்பெண் வாங்கி நிற்பதைப் பார்த்து மூவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். அது எங்கள் வீட்டு வேடிக்கை. அதில் யாருக்காவது வலிக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இந்த வருடம் மகளே பத்தாவது. அவர் நல்ல மனிதர்தான், ஆனால் ஆசை பிடித்தால் கண் தெரியாது. ஒருநாள் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே, "ஒரு வருஷமாவது அந்த மூணாவது வட்டத்துல படத்தை மாத்தாம விடணும்டி" என்றார். அன்று பிடித்தது. பரீட்சை முடியும்வரை அவள் கடைப்பக்கமே வரக்கூடாது என்றார். இரண்டு டியூஷன். விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம். அவள் தலை வாரும் கண்ணாடியின் மூலையில் பேனர் மார்க்கரால் 480 என்று எழுதிவைத்தார். நான் மட்டும் யோக்கியமா என்ன? டி.வி. ரிமோட்டை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தவள் நான்தான். போன மாதம் அந்த டப்பாவைக் காலி செய்தபோதுதான் அது கிடைத்தது.

வந்தது 311. எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. கணக்கில் 38. அவர் ஒன்றும் திட்டவில்லை. சொந்தக்காரர்கள் மார்க் கேட்பார்களே என்று போனை அணைத்துவிட்டுப் போய் மெஷினைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்திருந்த மெஷின். மகள் கண்ணாடியில் இருந்த எண்ணை ஈரத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது போகிற மையா? நான் தோளைத் தொட்டதும் திரும்பாமலே சொன்னாள்.

"நான் சும்மா முகம்தாம்மா. நெஜ ஆளு வர்ற வரைக்கும் வெச்சிருந்தீங்க."

அந்த வார்த்தையை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவளே நான்தான். அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் சாப்பாட்டுக்கு மட்டும்தான் திறந்தது. இன்றுதான் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பதினொன்றாம் வகுப்புக்கு விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள். விட்டால் இடம் போய்விடும். பேனர் தொங்குகிற அந்த வாசல் வழியாகப் போக மாட்டேன், படிப்பே வேண்டாம் என்று நேற்றுச் சொல்லிவிட்டாள்.

அந்த மூன்று நாளில்தான் தப்பு நடந்திருக்கிறது. மூன்றாவதாக வந்த பெண்ணின் படம் மட்டும் வந்து சேரவில்லை. வந்ததும் மாற்றலாம் என்று பெயரையும் எண்ணையும் போட்டு வைத்தேன். அழுத கண்ணோடு உட்கார்ந்தவள், மாற்றாமலே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். பிழை பார்க்கிறவளோ கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் பேனர் சுருளின் மேல் உட்கார்ந்துவிட்டார். "மெஷின்லேருந்து வர்றப்போ நான் பாத்தேனே," என்றார். பார்த்துமா விட்டீர்கள் என்று கேட்டேன்.

"நம்ம பொண்ணு நல்லா இருக்கான்னு மட்டும்தான் தோணுச்சு."

கோபப்பட ஆரம்பித்தவள் பாதியில் நின்றேன். பின்னால் கதவு திறந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மகள் நின்றாள். ஊரே பார்க்க அவமானப்படுத்திவிட்டீர்களே என்று கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய்க் கணினி முன் உட்கார்ந்து அந்தப் பேனரைத் திறந்தாள். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"அவ பேருலயும் ஒரு துணைக்கால் விட்டிருக்கீங்க," என்றாள்.

பேசும்போதே போனில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் டியூஷனில் இவள் பக்கத்தில் உட்கார்கிறவளாம். நாலு மார்க் குறைந்தாலும் வீட்டில் சோறு இறங்காதாம், அழுதுகொண்டேதான் படிப்பாளாம். பாவம், அவள் முகம் வரவேண்டாமா என்றாள். இரண்டு நிமிடத்தில் படம் வந்தது. அவளே ஸ்டிக்கர் தாளில் படத்தையும் பெயரையும் அச்சடித்தாள், அவளே கத்தரித்தாள். பிறகு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு விண்ணப்பப் பையோடு வந்தாள். அவர் சட்டென்று ஏணியைத் தூக்கிக்கொண்டார். தாமதித்தால் மனதை மாற்றிக்கொள்வாளோ என்று பயம்.

பள்ளி வாசலில் கூட்டம் இருந்தது. விண்ணப்பம் கொடுக்க வந்த பெற்றோர்கள், பிள்ளைகள். அவர் ஏணியைச் சாய்த்துக் காலை வைக்கப்போனார். மகள் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ ஒட்டினா கோணலாயிடும்ப்பா. ஏணியப் பிடி."

ஏறினாள். கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பேனரில் இருக்கிற முகமே ஏணியில் ஏறிப் பேனருக்கு முன்னால் நின்றால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? பெயரை முதலில் ஒட்டினாள். ஒரு தகப்பனார் என் வீட்டுக்காரரிடம் வந்து, உங்கள் பெண்ணா, எத்தனை மார்க் என்று விசாரித்தார். மூன்று நாளாக இந்தக் கேள்விக்கு ஒளிந்து திரிந்த மனிதர். மேலே ஒட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"முன்னூத்திப் பதினொண்ணுங்க," என்றார். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "நம்ம கடைல பிழை பாக்கறது அவதான்."

மேலே கை மறுபடி அசைந்தது. படத்தின் பின்தாளை உரித்து, தன் முகத்தின் மேல் தோழியின் முகத்தை வைத்து, பிளாஸ்டிக் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழ்களைத் தள்ளினாள். மூக்கருகே ஒரு குமிழ் அடம்பிடித்தது. அதை விரலால் மெல்ல நீவிவிட்டாள்.

கோணலாயிடும் என்று அப்பாவைச் சொன்னவள் ஒட்டியதும் கோணல்தான். வட்டம் விரலளவு இடப்பக்கம் தள்ளிப்போயிருந்தது. எனக்குக் கீழே இருந்தே தெரிந்தது, அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தலையைப் பின்னால் சாய்த்து அந்த இடத்தையே பார்த்தாள். நான் பையிலிருந்த மிச்ச ஸ்டிக்கர் தாளைத் தேடி எடுத்து நீட்டினேன்.

"போதும்மா," என்று சொல்லி இறங்கினாள்.

என்னிடமிருந்து விண்ணப்பப் பையை வாங்கிக்கொண்டு பேனருக்கு அடியில் நடந்து உள்ளே போனாள். அவர் ஏணியை மடக்காமல் அண்ணாந்து நின்றார். மேலே மூன்றாவது வட்டத்தில், அந்தப் பெண்ணின் சிரித்த முகத்துக்கு வலது ஓரத்தில், சின்னச் சிவப்புக்கல் தோட்டோடு என் மகளின் காது.